வெள்ளைத்தாள் வந்தால் அழித்துவிடுங்கள்

மின்னஞ்சலோடு எதிர்பாராத இணைப்பு ஒன்று வந்து நின்றால் பதற வேண்டியதில்லை ஐயா. நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அதில் ஒன்றுமே இருக்காது. பதினான்கு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். கணினியைப் பார்த்து மனிதர்கள் நடுங்கும் அளவுக்கு அது யாரையும் எதுவும் செய்துவிடுவதில்லை.

பள்ளி வேன் ஓட்டுநரின் பரிசோதனை முடிவு ஏன் மருத்துவரின் கைக்குப் போகவில்லை என்று கேட்டீர்கள். வரிசையாகவே சொல்கிறேன். இதில் ஒளிக்க எதுவும் இல்லை.

எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு ஏழு கிளினிக்குகளிலிருந்து ரத்தமும் சதைத் துணுக்குகளும் வரும். குப்பிமேல் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது கிளினிக்கில் இருக்கும் பதிவேட்டுக்குத்தான் தெரியும். முடிவுகளைத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்புவது அக்காவின் வேலை. எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. ஆனால் நான் வேலையில் சேர்ந்த முதல் நாளே 'சாப்டியா தம்பி?' என்று கேட்டவர், அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்காமல் விட்டதில்லை. எங்கள் கூடத்துக் கணினிகளோடு அந்த ஏழு கிளினிக்குகளின் கணினிகளையும் பார்த்துக்கொள்வது என் வேலை.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. முடிவு நன்றாக இருந்தால் சாதாரணமாக இரண்டு வரி எழுதி அறிக்கையை இணைத்து அனுப்பிவிடுவார். மோசமாக இருந்தால் மட்டும் அலங்கார வடிவத்துக்கு மாற்றி, கொட்டை எழுத்தில், சிவப்பு நிறத்தில் எழுதுவார். 'பத்தோட பதினொண்ணா போயிடக் கூடாதுடா, பார்த்ததும் கண்ணுல குத்தணும்' என்பார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவராகவே அக்கறையில் செய்தது.

எங்கள் அஞ்சல் மென்பொருள் வேறு, கிளினிக்குகளில் இருப்பது வேறு. அலங்கார வடிவத்தில் அனுப்பினால், எங்கள் மென்பொருள் நிறத்தையும் எழுத்தின் அளவையும் கூடவே அறிக்கையையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். அந்தப் பக்கம் மூட்டையை அவிழ்க்கத் தெரியாது. வெறும் வெள்ளைத்தாள் படம் போட்ட ஒரு கோப்பு வந்து உட்கார்ந்திருக்கும், திறந்தாலும் திறக்காது.

இப்போது இதை இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். அப்போது எனக்கு முழுதாகத் தெரியாது. கிளினிக்குகளிலிருந்து போன் மேல் போன். 'சார், மறுபடி அந்த வெள்ளைத்தாள் வந்திருக்கு, வைரஸா?' காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை இதே பாட்டு. எனக்குக் காது புளித்துப்போனது. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அதற்கென்று இருக்கும் கருவியில் போட்டு அவிழ்த்துப் பார்த்தேன். கூடத்துக்கு விடுமுறை என்று அக்கா அனுப்பிய அறிவிப்பு அது. உள்ளே அந்த அறிவிப்பையும் சுற்றிலும் பூப்போட்ட கரையையும் தவிர எதுவும் இல்லை. சரி, எல்லாமே இந்தப் பூதான் என்று முடிவு கட்டினேன். ஒன்றைப் பார்த்து எல்லாவற்றையும் தீர்மானித்தது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன்.

அக்காவின் கணினியில் ஒரே ஒரு அமைப்பை மாற்றியிருந்தால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் 'என் சிவப்பு எங்கேடா?' என்று அவர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். அதனால் அந்தப் பக்கம் மாற்றினேன். வெள்ளைத்தாள் வந்தால் அழித்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் சொன்னேன். பிறகு அவர்களுக்கு அந்தச் சிரமமும் வேண்டாமென்று ஏழு இடத்திலும் ஒரு விதி எழுதி வைத்தேன். வெள்ளைத்தாளோடு எந்தக் கடிதம் வந்தாலும் யார் கண்ணிலும் படாமல் நேராகக் குப்பைக்குப் போய்விடும்.

போன்கள் நின்றன. மாதக் கூட்டத்தில் மேலாளர் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்ட வைத்தார். பதினான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது. முதலில் தட்டியது அக்கா.

நான்கு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, மூன்றாவது கிளினிக்கில் கணினி மெதுவாக ஓடுகிறது என்று கூப்பிட்டார்கள். குப்பை நிரம்பியிருந்தது. காலி செய்வதற்கு முன்னால் சும்மா ஒன்றை அவிழ்த்துப் பார்த்தேன். சிவப்பில் இருந்தது. இன்னொன்றைப் பார்த்தேன், அதுவும் சிவப்பு. பத்தொன்பது இருந்தன. நர்ஸ் டீ குடிக்கப் போயிருந்தார், பதிவேடு மேஜைமேல் திறந்தே கிடந்தது. எண்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். ஏழாவது எண்ணுக்கு நேராக அக்காவின் கணவர் பெயர் இருந்தது. தொண்டைக் கட்டி, பரவுவதற்கு முன் உடனே சிகிச்சை தேவை என்று இருந்தது. அது யாருடையது என்று தெரியாமலேயே அக்கா தன் கையால் தட்டச்சு செய்திருக்கிறார்.

பதறிப்போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் உண்மையில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. விரல்கள் சில்லிட்டிருந்தன, ஏசி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். பத்தொன்பது எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன். குப்பையைக் காலி செய்தேன். கணினி வேகமாக ஓட ஆரம்பித்தது. நர்ஸ் வந்து, 'ரொம்ப தேங்க்ஸ் சார், பறக்குது' என்றார்.

அந்தக் கிளினிக்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வாரத்தில் நாங்கள் கூப்பிடவில்லை என்றால் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தம், இப்படித்தான் நோயாளிகளிடம் சொல்லி அனுப்புவார்கள். சில மருத்துவர்கள் சந்தேகப்பட்டு எங்களுக்குப் போன் செய்து முடிவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கேட்காதவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்?

மறுநாள் மதியம் அக்கா ஒரு பிஸ்கட் பெட்டியோடு வந்தார். 'மாமாவுக்குக் கழுத்துல கட்டின்னு டெஸ்ட் குடுத்திருந்தோம்டா. உங்கிட்டகூட சொல்லல, பயம். பத்து நாளாச்சு, கூப்பிடவே இல்ல. தப்பிச்சோம்!' அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன். 'நல்லதுக்கா' என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஒன்றைச் சொன்னால் பத்தொன்பதையும் சொல்ல வேண்டும். பத்தொன்பதைச் சொன்னால் விதி எழுதியது யார் என்று வரும். விதியை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். எடுத்தால் திடீரென்று சிவப்பாக வந்து குவியும், இவ்வளவு நாள் எங்கே போயிருந்தன என்று கேட்பார்கள். அதோடு அக்கா அப்போது சந்தோஷமாக இருந்தார். அந்தச் சந்தோஷத்தில் மண்ணள்ளிப் போட எனக்கு மனம் வரவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் ஐயா, நான் அவருக்கு ஒரு கெடுதலும் நினைத்ததில்லை.

மாமா நல்ல மனிதர். வேனில் பிள்ளைகளுக்குப் பாடிக்கொண்டே ஓட்டுவார். இரண்டு மாதம் போன பிறகு ஒரு நாள் அவரே எனக்குப் போன் செய்தார். குரல் அடையாளமே தெரியவில்லை.

'மாப்ள, தொண்டை கட்டிக்கிட்டே இருக்குடா. பாட முடியல, பசங்க கிண்டல் பண்றாங்க. நீ நாலு கிளினிக் ஏறி இறங்குற ஆளு. மறுபடி போய்க் காட்டட்டுமா?'

சட்டைப் பையில் இருந்த தாள் அதற்குள் என் மேஜை இழுப்பறைக்கு வந்திருந்தது. இழுப்பறையை மூடினேன்.

'டெஸ்ட்லதான் ஒண்ணும் இல்லையே மாமா. வெந்நீர் குடிங்க, கொஞ்சம் கத்தாம இருங்க.'

'நீ சொன்னா சரிதான்' என்றார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். கடைசி மாதத்தில் குரலே இல்லை, ஒரு பலகையில் எழுதிக் காட்டினார். நான் பார்க்கப் போனபோது, 'மாப்ளைக்கு டீ குடு' என்று எழுதினார். குடித்துவிட்டு வந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பினார். கணவரின் எண்ணைக் கிளினிக்கில் கேட்டு வாங்கிவந்து, தான் அனுப்பிய கடிதங்களில் தேடினார். கிடைத்தது. என்னைக் கூப்பிட்டார். திரையில் சிவப்பு எழுத்து. அவர் குரலில் கோபம் இல்லை.

'நான்தாண்டா அனுப்பியிருக்கேன். என் கையாலதான் அடிச்சிருக்கேன். போகலியா தம்பி?'

நான் குனிந்து பார்த்தேன். 'அலங்கார வடிவத்துல அனுப்பியிருக்கீங்கக்கா. சில இடத்துல அது திறக்காது.'

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அக்கா அந்தச் சிவப்புக் கடிதத்தை மூடினார். பிறகு ராஜினாமாக் கடிதம் அடித்தார், கறுப்பில், சாதாரண எழுத்தில். என் கவனக்குறைவால் என்று தொடங்கியது. அச்சுப்பொறியில் தாள் மாட்டிக்கொண்டதால் நான்தான் போய் எடுத்துக் கொடுத்தேன். போகும்போது 'சாப்டியா?' என்று கேட்கவில்லை. அது மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

நீங்கள் அவர் ஒருவரைப் பற்றித்தான் கேட்டீர்கள். கேட்ட பிறகு மறைப்பது நியாயமில்லை. பத்தொன்பது எண் எழுதிய தாள் இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு எண்களுக்குக் குறுக்கே கோடு போட்டிருப்பேன், பதிவேட்டில் இறந்துபோனார் என்று எழுதியதும் போட்டது. மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. மீதி ஆறு கிளினிக்குகளின் குப்பையை நான் பார்க்கவில்லை. அங்கெல்லாம் அது மாதா மாதம் தானாகவே காலியாகிவிடும்.

அக்காவின் நாற்காலிக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். கெட்டிக்காரி. போன வாரம் பழைய கடிதங்களைப் புரட்டிவிட்டு என்னிடம் வந்தாள். 'சார், மோசமான ரிசல்ட்டை எல்லாம் முன்னாடி இருந்த மேடம் சிவப்புல போட்டிருக்காங்க. நல்ல ஐடியா சார். நானும் அப்படியே போடட்டுமா?'

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் எங்கேயிருந்து ஆரம்பிப்பது. 'போடும்மா, பார்க்க நல்லா இருக்கும்' என்றேன்.

விதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது ஐயா. ஒரு குறையும் சொல்ல முடியாது. வெள்ளைத்தாள் வந்திருக்கிறது என்று இன்றைக்கு வரைக்கும் ஒரு போன்கூட வரவில்லை.