மண்ணுக்குப் போன பேர்

— அந்தப் பதிவில கேக்கிற மூண்டு தட்டுச் சத்தத்தையும் வெட்டியெடுத்து, என்ட தங்கச்சிட பேருக்குப் பின்னால ஒட்டுங்க எண்டுதான் கேக்கிறன். உங்களுக்கு அஞ்சு நிமிச வேல, தினுஷன்.

— ஏலாது.

— ஏலாதா, மாட்டீங்களா?

— மாட்டன், ஸுஹைனா.

— கம்பஸ்ல இரிக்கக்குள்ளயும் இப்பிடித்தான். நாலு வருசத்தில நாப்பது சொல்லுக் கதைச்சிரிப்பீங்க. நிலானி எப்பிடித்தான் உங்களோட குடும்பம் நடத்தினாவோ.

— அவ கதைச்சா. நான் கேட்டன்.

— செரி, இப்ப நான் கதைக்கிறன், கேளுங்க. சனிக்கிழம மாங்கேணியில நம்மட அடுத்த கூட்டம். 'வாவிச் சடங்குகள்' எண்டு நோட்டீசும் அடிச்சாச்சு. கதிர்காமத்தம்பியர் இனி எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டன் எண்டுட்டார். போன கிழம பெரியகல்லாத்து வாவியில அவர் செத்தவங்கட பேர் கூப்பிட்டதை நீங்க பதிஞ்சீங்களே, அதத்தான் போட்டுக் காட்டணும். அதுக்கு நான் உம்மாவையும் கூட்டிப் போறன்.

— உம்மா எதுக்கு?

— ரிப்கா உசிரோட இரிக்காள் எண்டு நம்புறா. தோணி கவிழ்ந்து ஒரு வருசமாச்சு. எங்கயோ ஒரு ஆஸ்பத்திரியில பேர் மறந்து கிடக்காளாம். ஒவ்வொரு ராவும் அவளுக்கு ஒரு கோப்பச் சோறு மூடி வைக்கிறா. உடம்பு கிடைக்காட்டியும் காயிப் ஜனாஸா தொழலாம் எண்டு பள்ளிவாசல்ல செல்லிட்டாங்க. அதுக்கும் உடுறா இல்ல. தொழுதா மவுத்தாப் போயிட்டாள் எண்டு ஆகிடுமாம். வாவி ஒருக்காப் பதில் செல்லிட்டா ஒத்துக்கொள்ளுவா.

— பள்ளியில இதுக்கு ஒண்டும் சொல்லமாட்டாங்களா?

— தெரிஞ்சா என்ன உரிச்சிக் காயப்போடுவாங்க. ஆனா உம்மா வாவிக்கரையில பிறந்தவ. தொழுகையையும் உடமாட்டா, இதையும் உடமாட்டா.

— பொய்ய வச்சு ஒத்துக்கொள்ள வைக்கப் போறீங்க.

— ஓம். வேற வழி இரிந்தாச் செல்லுங்க. உங்களுக்கெண்டா போய் நிக்க நிலானிட குழி ஒண்டு இரிக்கு. இண்டைக்கும் சேமக்காலையில இரிந்துதானே வாறீங்க? கையில மெழுகு ஒட்டிக் கிடக்கு. நாங்க எங்க போய் நிக்கிற?

— அவர் சொன்னத நீங்களும் கேட்டீங்க. முறைய மாத்தக் கூடாது.

— கேட்டன், கேட்டன். நாந்தானே அவருக்குப் பக்கத்தில நிண்ட. வாவியில தவறி, உடம்பு கிடைக்காதவங்களத்தான் கூப்பிடுற. ஆனா முதல்ல மண்ணுக்குப் போன ஒருத்தர்ட பேரக் கூப்பிடணும். அடக்கம் செஞ்சவங்கட பேருக்கு வாவி பதில் செல்லாது. அந்தப் பேருக்குப் பேசாம இரிந்தாத்தான், மீன்ட சத்தமும் இல்ல, அலையும் இல்ல எண்டு நம்பி மத்தப் பேரக் கூப்பிடுற. செரியா?

— சரி.

— வந்தாறுமூலக் கம்பஸ் பொடியனுகள் சிரிச்சிக்கொண்டு நிண்டாங்க. 'மண்ணுக்குப் போன பேர் ஒண்டு தாங்க' எண்டு அவர் கேட்டதும் சிரிப்பு நிண்டுட்டு. ஆரு தங்கட ஊட்டு மவுத்தக் குடுப்பாங்க? நீங்கதான் 'நிலானி' எண்டீங்க. கடையில கொப்பி கேக்கிற மாதிரி.

— ஆராவது குடுக்கத்தானே வேணும். ஹெட்போனப் போடுங்க.

— வேணாம். அண்டைக்கே கேட்டுட்டன்.

— போடுங்க.

— இது தண்ணி. இது அவர்ர தொண்ட. கூப்பிடுறார், 'நிலானி' எண்டு. சவளால, அந்த நீளத் துடுப்பால, தோணி விளிம்பில தட்டுறார். ஒண்டு. ரெண்டு. மூண்டு. இனிச் சவளத் தண்ணிக்குள்ள உட்டு, மத்த நுனியில காத வைக்கிறார். அல்லாவே. இந்தா பாருங்க என்ட கைய, மயிரெல்லாம் எழும்பிட்டு.

— எண்ணினீங்களா?

— மூண்டு. தோணிக்கு அடியில இரிந்து. அவர் தட்டின மாதிரியே.

— அவர் தட்டின மாதிரி இல்ல. திருப்பிக் கேளுங்க.

— ரெண்டு. கொஞ்சம் பொறுத்து ஒண்டு.

— அவ பள்ளிக்கூடத்தால வந்து கதவு தட்டுறது அப்பிடித்தான். ரெண்டு வருசம் திறந்துவிட்டவன் நான்.

— தினுஷன், சும்மா கிடந்து மனச வருத்தாதீங்க. தோணி கல்லில முட்டியிரிக்கும்.

— தோணி சேத்தில நிண்டது.

— கதிர்காமத்தம்பியரும் வெளிறிப் போயிட்டார். சவளப் போட்டுட்டு உங்கள ஒரு பக்கமாக் கூட்டிப் போனாரே, என்ன கேட்டார்?

— 'தம்பி, அடக்கம் பண்ணினது நிச்சயமா' எண்டார்.

— நீங்க?

— ஓம் எண்டன்.

— பின்ன? நானும் வந்தனே அடக்கத்துக்கு. மறுகா நாந்தான் அவர்ர கையப் பிடிச்சிக் கெஞ்சினன், ரிப்காட பேரையும் ஒருக்காக் கூப்பிடுங்க எண்டு. மனமில்லாமக் கூப்பிட்டார். ஒரு குமிழியும் வரல்ல. பொழுதுபடும் வரைக்கும் நிண்டம். அதான் எனக்கு விளங்குதில்ல. மண்ணுக்குள்ள கிடக்கிற உங்கட ஆள் தட்டுறா. தண்ணிக்குள்ள கிடக்கிற எங்கட புள்ள பேசாம இரிக்காள். நிலானிக்குத் தேவையில்லாத சத்தம் அது. அத எங்கட உம்மாக்குத் தாங்க.

— நிலானியெண்டா தந்திருப்பா.

— கேக்கவும் தேவையில்ல. ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற, ஒவ்வொரு நாளும் ஒரே தோணியில வாவிக்கு அங்கால படுவான்கரைக்குப் போற. அவட சாப்பாட்டுப் பெட்டியில பாதி ரிப்காக்குத்தான். அண்டைக்கு விடியக் கொட்டின மழைக்கு, எங்கட ஆள் ரெயின்கோட்டையும் உட்டுட்டு ஓடிட்டாள். இன்னும் கதவுக்குப் பின்னால தொங்குது. உம்மா அதில ஆரையும் கை வைக்க உடமாட்டா.

— ரிப்கா கொண்டுபோகல்லயா?

— இல்ல. மேலெல்லாம் காச்சல் வேற. நிக்கச் செல்லியும் நிக்கல்ல, சோதினை நடக்குது எண்டு.

— காச்சலோடயா தோணியில ஏறின?

— ஓம். ஏன், உங்கட முகம் ஒரு மாதிரிப் போகுது?

— நிலானிட ரெயின்கோட் சிவப்பு.

— தெரியுமே. அதோடதானே மைய்யித்து மிதந்து வந்தது, அஞ்சாம் நாள். நீங்கதானே ஆஸ்பத்திரிக்குப் போய் அடையாளம் காட்டின.

— ஓம். மோதிரம் இல்ல. தண்ணியில கழண்டிருக்கும் எண்டாங்க.

— கழளும்தானே.

— பொத்தான் எல்லாம் கழுத்து வரைக்கும் பூட்டிக் கிடந்தது. நிலானி ஒருநாளும் பூட்டுறல்ல. மழைக்கும் திறந்துபோட்டுத்தான் போவா. குளிருக்குப் பூட்டியிருப்பா எண்டு நினைச்சன்.

— மறுகா?

— அங்க நிண்டவர், 'அஞ்சு நாள் தண்ணி தம்பி, முகத்தப் பாக்காதீங்க' எண்டார்.

— பாக்கல்லயா?

— இல்ல.

— பெட்டியும் மூடித்தான் இரிந்தது.

— ஓம்.

— தினுஷன், நீங்க எதப் பாத்துட்டுக் கையெழுத்து வச்ச?

— ரெயின்கோட்ட.

— வாய மூடுங்க. கொஞ்சம் பொறுங்க. ஒண்டும் செல்லாதீங்க.

— உம்மாவ மாங்கேணிக்குக் கூட்டிப் போகவேணாம். எங்கட சேமக்காலைக்குக் கூட்டி வாங்க. ஒரு வருசமா ஞாயிறு ஞாயிறா நான் மெழுகுதிரி கொளுத்தினது உங்கட தங்கச்சிக்கு.