பத்து மணித் தந்தி

தோல் பந்துக்கு வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். இல்லாவிட்டால் கடலூர் உப்புக்காற்றில் வெடித்துவிடும். டிரில் மாஸ்டர் உத்தியோகத்தில் இருபது வருஷம், பாஸ்கெட்பாலில் ஆறு கோப்பை; பந்தைப் பற்றி நான் சொன்னால் நம்பலாம். ஆண்டு மலருக்கு அறுபத்து மூன்றாம் வருஷத்துக் கோப்பையைப் பற்றி எழுதித் தரும்படி தலைமையாசிரியர் பழனிவேல் கேட்டார். எழுதுகிறேன். அச்சில் போடுவதும் போடாததும் அவர் பாடு.

அந்த வருஷம் எங்கள் டீமுக்கு உயிர் ரஹ்மத்துல்லாதான். பதினாறு வயது, ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. தகப்பனார் பினாங்கில் இறந்துவிட்டார். தாயார் சர்புன்னிசா பழைய டவுனில் இடியாப்பம் விற்று அவனை வளர்த்தார். நான் செம்மண்டலத்தில் தனிக்கட்டை. பயிற்சி முடிந்ததும் அவனை என் அறைக்கு அழைத்துப்போய்ச் சோறு போடுவேன். எதிரே ஒருவன் உட்கார்ந்து சாப்பிட்டால் சோற்றுக்கே வேறு ருசி. ஆனால் ஏழு மணி ஆனதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவான்.

"உம்மா சாப்புடாம ஒக்காந்திருக்கும் சார்."

அந்த அம்மாள் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். "வெளையாடட்டும் சார், வேணாங்கல. பொழுது போனா அனுப்பிடுங்க. அவன் மூஞ்சியப் பாக்காம எனக்கு சோறு எறங்காது."

எனக்கும் இறங்காது என்று நான் சொல்லவில்லை. வாத்தியார் அப்படிச் சொல்லக் கூடாது.

இறுதி ஆட்டம் சிதம்பரத்தில், மாலை நாலு மணிக்கு. வடக்கு வீதியில் ஒரு சத்திரத்தில் தங்கியிருந்தோம். காலை பத்து மணிக்கு என் பெயருக்குத் தந்தி வந்தது. ரஹ்மத்துல்லாவின் தாய்மாமன் இஸ்மாயில் கொடுத்தது. தாயார் கவலைக்கிடம், பையனை உடனே அனுப்பவும். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கடலூர். நான் தந்தியை மடித்துப் பந்துப் பைக்குள் வைத்தேன்.

"என்னா சார் தந்தி?" என்றான்.

"ஹெட்மாஸ்டர் வாழ்த்து அனுப்பியிருக்காருடா. போய்ப் படு."

மத்தியானம் தயிர்சாதம் போட்டேன். அவசரமில்லாமல் சாப்பிட்டான். ஆட்டத்தில் இருபத்திரண்டு பாயின்ட் போட்டான். கோப்பையோடு படம் எடுத்த பிறகு, ஆறு மணிக்குத் தந்தியைக் காட்டினேன். பஸ்ஸில் அவன் அதில் போட்டிருந்த நேரத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

போய்ச் சேர எட்டாகிவிட்டது. வாசலில் இஸ்மாயில் அவனைக் கட்டிக்கொண்டார். "ரெண்டு மணி வரைக்கும் உசுரு இருந்துச்சுப்பா. ஒன்னத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா. பொழுதடஞ்சு மஃரிப் தொழுகை வரைக்கும் பாத்தோம். அதுக்கு மேல வெக்க முடியல, அடக்கம் பண்ணிட்டோம்."

"ஆட்டம் முடிஞ்சு கூட்டியாரலாம், ஒரு நாள் தாங்கும்னு நெனச்சேங்க," என்றேன் நான். "எங்க ஜனத்துல புள்ள வந்து கொள்ளி வெக்கிற வரைக்கும் காத்திருப்பாங்க. ஒங்க வழக்கம் தெரியாம போச்சு."

இஸ்மாயில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்களுக்கு எப்புடி கலியமூர்த்தி சார் தெரியும்?"

ஊரும் அப்படியே நம்பியது. கடலூருக்கு வருமுன் பரங்கிப்பேட்டையில் ஒன்பது வருஷம், பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தவன் நான். காலையில் போனவர்களை மாலைக்குள் அடக்கம் செய்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தோளில் தூக்கிப்போகும் ஜனாஸாவுக்குப் பின்னால் நடந்தும் போயிருக்கிறேன்.

கோப்பைக்காகச் செய்தேன் என்று நினைப்பீர்கள். எதிர் அணி வெறும் சோப்ளாங்கி. அவன் இல்லாமலே ஜெயித்திருப்போம், அது காலையிலேயே எனக்குத் தெரியும். தந்தியைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: இனிமேல் ஏழு மணிக்கு அவனை யாரும் தேட மாட்டார்கள். மூச்சிருக்கும்போது அவன் போய்ச் சேர்ந்தால், அவன் கையை மாமன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் அந்த அம்மாள் கண்ணை மூடுவார். அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை.

ஆனால் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் இஸ்மாயில் அவனைப் பினாங்குக்கு அழைத்துப்போய்விட்டார். ஐந்து வருஷம் ஆகிறது. என் கடிதம் எதற்கும் பதில் இல்லை. அங்கே தபால் சரியில்லை போலிருக்கிறது. நான் இன்னும் இரண்டு ஆளுக்குத்தான் உலை வைக்கிறேன். என்றைக்காவது வந்துதானே ஆகவேண்டும்? தாயில்லாப் பிள்ளை. என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?