பதினொரு முறை திறந்த கதவு

ஓடுகிறாள். பச்சை மழைச்சட்டை. முதுகில் பள்ளிப் பை. ஈரத் தரை. சப், சப் என்று காலடி. பின்னால் அவை வருகின்றன. செத்தவை. எழுந்து நடப்பவை. அவை ஓடுவதில்லை. நிற்பதும் இல்லை. காலை இழுத்து இழுத்து வரும். அந்த இழுக்கிற சத்தம்தான் முதலில் கேட்கும்.

"ஸ்டெல்லா, பின்னால! பின்னால பாரு!"

கத்துவது நான். ஓடுவது கம்ப்யூட்டர் ஆட்டத்தில் வரும் ஒரு பிள்ளை. பதினாலு வயது. அவளுக்கு ஏதோ வெள்ளைக்காரப் பெயர். என் வாயில் நுழையவில்லை. பிள்ளை என்றே சொல்லுவேன். அவளை ஓட வைப்பது என் மகள் ஸ்டெல்லா. பதினாறு வயது. மணி மதியம் மூன்று. மலேசியாவில் மூவார் என்ற ஊரில் எங்கள் வீட்டு முன்கூடம். சுவரில் திரு இருதயப் படம். அதன் கீழே என் வீட்டுக்காரர் சூசையின் படம். அவர் போய் மூன்று வாரம். படத்துக்கு இன்னும் மாலை போடவில்லை.

விளையாட்டைப் பற்றி ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். நான் தோட்டப் பள்ளியில் ஆறாவது வரைதான் படித்தேன். வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த வருஷம் கிருமியோடு போர் என்று டிவியில் சொன்னார்கள். இப்போது யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆற்றோரக் கடைகளில் பழையபடி கூட்டம். நானும் அங்கே போய்ச் சாப்பிடுகிறேன். ஆனாலும் கண்டதை, கேட்டதை எழுதி வைக்க வேண்டும்.

புதன்கிழமை. மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு இன்னும் நான்கு நாள். காலை ஒன்பது இருபது. நான் பின்னறையில் காய்ச்சலோடு கிடக்கிறேன். அறைக் கதவு சாத்தியிருக்கிறது. எனக்குச் சத்தம் மட்டும்தான். ஆஸ்பத்திரி வேன் வந்து நிற்கிறது. சைரன் இல்லை. வேன் கதவு கர்ர் என்று இழுபடுகிறது. பிளாஸ்டிக் உடுப்பு உரசுகிறது. சூசை இருமுகிறார். நான்கு முறை. எண்ணினேன். கேட் கிறீச்சிடுகிறது. ஒரு ஆள் மலாயில் கத்துகிறார்.

"மாசோக்! தூத்தோப் பிந்து!"

உள்ளே போ, கதவைச் சாத்து என்று அர்த்தம். ஸ்டெல்லாவுக்குச் சொன்னது. கதவு சாத்துகிற சத்தம். டப். அந்த ஆளை நான் குறை சொல்லமாட்டேன். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்திருக்கும்.

ஆறாம் நாள் அவர் போய்விட்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எங்கள் இரண்டு பேர் கையிலும் இளஞ்சிவப்பு வளையம் கட்டியிருந்தார்கள். வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. அடக்கத்துக்கும் போகக்கூடாது. ஃபாதர் தூரத்தில் நின்று செபித்தாராம். போனில் ஒரு படம் வந்தது. வெள்ளை உடுப்பில் நாலு பேர். நடுவில் பெட்டி. பெட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக். நான் முகம் பார்க்கவில்லை. நெற்றியில் சிலுவை வரையவில்லை. குழியில் ஒரு பிடி மண் போடவில்லை.

முகம் பார்க்காத சாவு மனசில் நிற்கமாட்டேன் என்கிறது. அவர் மரச்சாமான் ஆலையில் நாற்காலிக்கு மெருகு பூசுகிறவர். வேலை விட்டு வந்தால் அந்த வாடை முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். அடக்கம் முடிந்த பிறகும் எனக்கு அந்த வாடை வந்தது. கேட் அசைந்தால் எழுந்து போய்ப் பார்த்தேன். பல நாள். யாரும் இல்லை.

ஸ்டெல்லா பேச்சை நிறுத்திவிட்டாள். காலையில் ஆன்லைன் வகுப்பு. மதியம் இந்த ஆட்டம். பிணம் நடக்கிற ஆட்டம் இந்த வீட்டில் வேண்டாம், சாத்தான் வேலை என்று சத்தம் போட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடிக்கவா முடியும்? ஜெபமாலையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்படித்தான் நானும் அந்த ஆட்டத்துக்குள் போனேன்.

முதல் நாள். பிள்ளை ஒரு சுவருக்குப் பின்னால் ஓடுகிறாள். மண்டியிடுகிறாள். தலை குனிகிறாள். செத்தவை அவளைக் கடந்து போகின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கஷ்டத்திலும் பிள்ளை ஜெபம் பண்ணுதே என்றேன்.

"அம்மா, அவ ஒளிஞ்சிருக்கா லா. குனிஞ்சு சத்தமில்லாம இருந்தா அதுங்க போயிரும். ஜெபமாம்."

சிரித்தாள். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. அதற்காகவே மறுநாளும் உட்கார்ந்தேன்.

பிள்ளையோடு இரண்டு பேர் இருந்தார்கள். அவளுடைய அப்பா. ஒரு நர்ஸ். இந்த ஆட்டத்தில் கூட இருப்பவர் போனால் போனதுதான். பிள்ளை செத்தால் மட்டும் அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கும்.

வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டு அம்மாள் வருகிறாள். முன்பு பிள்ளைக்கு ரொட்டி சுட்டுத் தந்தவள். இப்போது கண் வெளுத்து, வாய் திறந்து வருகிறாள். பிள்ளையிடம் துப்பாக்கி. ஒரே குண்டு. டப். பிள்ளை முதல்முதலாகச் சுட்டது அந்த அம்மாளைத்தான்.

அப்படியே விட்டுவிட்டு ஓடாதே, ஒரு ஜெபம் சொல்லச் சொல் என்றேன். ஜெபத்துக்குப் பட்டன் கிடையாது என்றாள் ஸ்டெல்லா. மண்டியிடப் பட்டன் இருக்கிறதே என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அழுத்தினாள். பிள்ளை அந்த அம்மாள் பக்கத்தில் மண்டியிட்டாள். நான் இறந்தோருக்கான செபத்தை முழுசாகச் சொன்னேன். தெரு முனையில் நர்ஸ் காத்துக்கொண்டிருந்தாள். செத்தவை அவளைச் சூழ்ந்துகொண்டன. நீளமாக ஒரு அலறல். பிறகு இல்லை.

என்னால் போனாள். ஆட்டத்து உயிர்தான். ஆனாலும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறொன்றும் உறுத்தியது. ஆட்டத்துப் பிணத்துக்குச் சொன்ன செபத்தை சூசைக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவர் செத்துப் போனது உண்மையாகிவிடும்.

பிறகு அந்தக் கதவு.

பிள்ளை ஒரு கிடங்குக்குள் இருக்கிறாள். இரும்புக் கதவு. அப்பா வெளியே. அவர் கையில் கடி. கடிபட்டவரும் செத்தவற்றோடு சேர்ந்துவிடுவார். மறைத்து வைத்திருந்தார். தட்டுகிறார். மூன்று தட்டு. இடைவெளி. இரண்டு தட்டு. மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். குரல் பாதி மனுஷக் குரல், பாதி உறுமல். திரையில் இரண்டு வார்த்தை. திற. தாழிடு.

ஸ்டெல்லா திறந்தாள். அப்பா உள்ளே வந்தார். அவர் அப்பா இல்லை. பிள்ளை செத்தாள். திரை முழுக்கச் சிவப்பு.

மறுபடி. மூன்று தட்டு. இரண்டு தட்டு. திறந்தாள். சிவப்பு.

நான்கு நாள் இதுதான். ஜெபமாலை மணியில் எண்ணினேன். ஒரு பத்து முடிந்து அடுத்த மணியும் வந்துவிட்டது. பதினொன்று. ஸ்டெல்லாவின் முகம் மெழுகு மாதிரி இருந்தது. எனக்குப் பயம் வந்தது. என் பிள்ளை அந்தக் கதவைத் தாண்டி வரமாட்டாள் என்று பட்டது. தெரிந்தே ஏன் திறக்கிறாய் என்று கேட்டேன். அவள் பட்டனிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்பா கேட் கிட்ட திரும்பிப் பார்த்தாரும்மா. மாஸ்க்க இறக்கினாரு. ஏதோ சொல்ல வந்தாரு. நான் சாத்திட்டேன்."

அந்த டப் சத்தம் மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். உன் மேல் தப்பில்லை என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என்ன சொல்ல வந்தார் என்று கேட்டுவிட்டேன். பாவி வாய். அதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

"தெரியலம்மா," என்றாள்.

பன்னிரண்டாம் முறை. வியாழக்கிழமை. மணி மூன்று பத்து. கதவு. திற. தாழிடு. அவள் விரல் நகர்கிறது.

"இரு. எதையும் தொடாதே. அவள மண்டி போடச் சொல்லு."

அழுத்தினாள். பிள்ளை கதவுக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டாள். நானும் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டேன். ஸ்டெல்லா நாற்காலியிலிருந்து இறங்கி என் தோளில் சாய்ந்தாள். மூன்று தட்டு. இரண்டு தட்டு. நான் இறந்தோருக்கான செபத்தைத் தொடங்கினேன். இந்த முறை பெயர் சொன்னேன். சூசை. அந்த இடத்தில் குரல் உடைந்தது. ஸ்டெல்லா விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சொன்னாள். மூன்று தட்டு. பிறகு ஒன்று. பிறகு கால் இழுபடுகிற சத்தம். கொஞ்சம் தூரத்தில். இன்னும் தூரத்தில். பிறகு கேட்கவில்லை. திரையில் இரண்டு வார்த்தையும் மறைந்தன.

பிள்ளை எழுந்து நின்றாள். கதவு சாத்தியபடி இருந்தது.

"போயிட்டாரு," என்றாள் ஸ்டெல்லா. அப்புறம்தான் அழுதாள். அப்பா செத்த பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை அழுதாள். சாயங்காலம் படத்துக்கு மாலை போட்டோம். ஆட்டத்தை அவள் பிறகு முடித்தாளா என்று நான் கேட்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்குப் போனோம். மெழுகுவர்த்தி ஏற்றினோம். அதற்குள் மண் இறுகிவிட்டது. மேலே புல்.

போனவர்களைச் சொல்லி முடிக்கிறேன். ஆட்டத்தில், ரொட்டி தந்த அம்மாள். நர்ஸ், என்னால். பிள்ளையின் அப்பா. பிள்ளை, பதினொரு முறை. எங்கள் தெருவில் மூன்று வீட்டில் ஒவ்வொருவர். எங்கள் வீட்டில் சூசை, வயது ஐம்பத்திரண்டு. அவர் சொல்ல வந்தது, என்னவென்று தெரியாது. போடாமல் விட்ட மண், இரண்டு பிடி. என்னுடையது ஒன்று. ஸ்டெல்லாவுடையது ஒன்று.