குவாரியில் ஓர் ஒப்பீடு

புதிய டிஜிட்டல் ரெக்கார்டர் நல்ல கருவிதான். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. சட்டைப் பையில் அடங்கும். இரைச்சல் கிடையாது. ஆவணப்படங்களுக்கு ஒலி பதிவது என் தொழில். என் பழைய டேப் ரெக்கார்டரைத் தூக்கித் தூக்கி முதுகு போனது உண்மை. ஆனால் டேப்பை வெட்டி ஒட்டினால் ஒட்டு தெரியும். டிஜிட்டலில் எதை அழித்தாலும் காதுக்குத் தெரியாது. அதனால்தான், என் அக்காவின் கணவர் அதைப் பரிசாகக் கொடுத்தபோது யோசித்தேன். அத்தானுக்கு எதை அழிக்க வேண்டியிருக்கிறது?

அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். நான் சமையலறைக்குள் நுழைந்தால் இருவர் பேச்சும் சட்டென்று நின்றுவிடும். ஒருநாள் அந்தப் புதிய கருவியையே மாவு டப்பாவுக்குப் பின்னால் ஓடவிட்டு வெளியே போனேன்.

"அவன் சரியா தூங்கறதே இல்லைங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாமா?" இது அக்கா.

"அவசரப்படாதே. நான் பக்குவமா பேசிப் பார்க்கறேன். முதுகு வலியோட அந்த இரும்பைச் சுமந்துட்டு அலையறான், பாவம்."

அந்தப் பதிவை நீங்களும் கேட்டீர்கள். உங்களுக்கு அதில் அக்கறை கேட்டது. எனக்குத் திட்டம் கேட்டது. என்னைப் பைத்தியம் என்று ஆக்கிவிட்டால் என் பேச்சை யார் நம்புவார்கள்?

ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றது அத்தான்தான். "ரெண்டையும் ஒண்ணா ஓட்டிப் பாரு மாப்ள. எது பிடிக்குதோ அதை வெச்சுக்கோ. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் போனோம். ஆழத்தில் தண்ணீர், எதிரொலி நன்றாக வரும். விளிம்பருகே நின்று பேசச் சொன்னேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் போய் நின்றார். ஒரு மனிதர் அவ்வளவு நம்புவது இயல்பா, நீங்களே சொல்லுங்கள்.

தோளில் கை வைத்தேன். தள்ளினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். வார்த்தைக்காக நான் வாதாடப் போவதில்லை.

உடனே விழவில்லை. பாறையிடுக்கில் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, கையக் குடுடா. விளையாடாதே. உங்க அக்கா தனியா..." என் ஒரு கையில் மைக் இருந்தது. மறுகை சும்மாதான் இருந்தது. அசைந்தால் பதிவு கெட்டுவிடும் என்பதால் அசையவில்லை.

டேப்பில் பாதிப் பேச்சு இரைச்சலில் போய்விட்டது. புதியதில் மூச்சு வாங்குவதுகூடத் துல்லியம். அதனால்தான் அதை நானே இந்த ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். இன்னொரு முறை போட்டுக் கேளுங்கள், எப்படிப் பயந்திருக்கிறார் என்று. தப்பு செய்யாத மனிதருக்கு ஏன் அவ்வளவு பயம்?