சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் ஃபேன்

— இந்த லேப்டாப்பை ரிப்பேர் பண்ணுன்னு நான் சொல்லவே இல்லையே, தவுக்கே. ரிப்பேர் ஆகாதுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடு. கடை முத்திரை குத்தி. அது போதும்.

— பாக்சிக், இந்த ஈப்போவுல பதினோரு வருஷமா கடை வச்சிருக்கேன். ஆகாததை ஆகும்னு சொல்லி மாட்டிக்கிட்டது நிறைய. ஆகறதை ஆகாதுன்னு சொல்லச் சொல்லி யாரும் வந்ததில்லை லா. அப்புறம் இந்த தவுக்கே, முதலாளி எல்லாம் வேணாம். ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆள் மூச்சு விட முடியாத கடை இது. கியோங்னு கூப்பிடுங்க.

— சரி, கியோங். பாக்சிக்னு மாமா முறை வச்சுட்டே, பேரு ஜபிதி. இருபத்தெட்டு வருஷமா எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டறேன். சத்தத்தை வச்சே எஞ்சினுக்கு என்ன நோவுன்னு சொல்லிடுவேன். இது முடிஞ்சு போன கேஸ். என் காது சொல்லுது.

— லேப்டாப் சத்தமுமா தெரியும் உங்க காதுக்கு?

— எல்லாம் ஒண்ணுதான். சூடு, ஃபேன், எண்ணெய். எண்ணெய்தான் இதுல இல்லை. எனக்கும் எம் மகளுக்கும் நடுவுல ஒரு பலகைச் செவுரு. கேம்ல உக்காந்தாள்னா முதல்ல ரெண்டாவது கியர்ல போற மாதிரி முனகும். அப்புறம் கேமரன் மலை ஏர்ற பஸ்ஸாட்டம் உறுமும். திடீர்னு பொட்டுன்னு அடங்கிடும். செத்துடுச்சோன்னு நினைப்பேன். பத்து நிமிஷம் கழிச்சு எழுந்து முன்னைவிட ரெண்டு பங்கு கத்தும். மனுஷன் தூங்க வேணாமா?

— அப்ப இது மக மெஷின். மக எங்க?

— மருந்துக் கடையில வேலை. பல்கீஸ்னு பேரு. ஆறு மணிக்குத்தான் வருவா. அதுக்குள்ள இது அவ மேசைக்குத் திரும்பிப் போயிடணும்.

— திருடிட்டு வந்திருக்கீங்க.

— அப்பன் வீட்டுல இருந்து அப்பன் எடுத்தா அது திருட்டா?

— என் பொண்டாட்டி என் சட்டைப் பையைப் பத்தி இதேதான் சொல்வா. சரி, இதுக்கு பாஸ்வேர்டு?

— எங்க வீட்டுல குளிக்கிற ரூமுக்கே தாழ்ப்பா கிடையாது. பாஸ்வேர்டு எங்க போடறது?

— ஆமா, திறந்துடுச்சு. நல்ல மெஷின் பாக்சிக். நீங்க வாங்கிக் குடுத்ததா?

— நானா? நர்ஸிங் படிக்க அனுப்பினேன். ரெண்டாவது வருஷம், எனக்கு இது வேணாம், கேம் டீம்ல விளையாடப் போறேன்னு வந்து நின்னா. சம்பளத்துல மிச்சம் பிடிச்சு அவளே வாங்கினது. அன்னைல இருந்து நாங்க பேசறதில்லை.

— எத்தனை நாளா?

— எட்டு மாசம்.

— ஒரே வீட்டுலயா? வேற யாரு இருக்கா?

— அவங்க அம்மா போய் மூணு வருஷமாச்சு. நாங்க ரெண்டு பேர்தான். நான் சோறாக்கி மூடி வச்சிடுவேன். அவ சாப்பிட்டு தட்டைக் கழுவி வச்சிடுவா. ஒண்ணும் குறையில்லை. ஓயென்னு ஒரு பூனை இருக்கு. அதுகிட்ட ரெண்டு பேரும் பேசுவோம்.

— என் வீட்டுல அந்த வேலை எனக்கு. ஆளாளுக்கு என்கிட்ட வந்து பேசிட்டுப் போவாங்க, பதில் எதிர்பார்க்க மாட்டாங்க. ஆமா, இப்ப எதுக்கு அவசரமா இதைக் கொல்லணும்?

— சனிக்கிழமை அவளுக்கு ஏதோ தேர்வாம். வீட்டுல இருந்தே விளையாடறது. ஜெயிச்சா தலைநகருக்கு, கேஎல்லுக்குக் கூப்பிட்டுக்குவாங்க. அங்கேயே ரூமு, சம்பளம், எல்லாம்.

— நல்ல விஷயம்தானே?

— அந்தச் சீட்டை எழுதறியா, இல்லையா?

— பார்க்காம எழுதினா ஆண்டவன் கேப்பான் லா. உங்காளும் கேப்பாரு, எங்காளுங்க பத்துப் பதினைஞ்சு பேரும் கேப்பாங்க. அஞ்சு நிமிஷம் குடுங்க. உங்க பொண்ணு கெட்டிக்காரி. சூடு எவ்வளவு, ஃபேன் எவ்வளவு வேகம்னு நிமிஷத்துக்கு நிமிஷம் குறிச்சு வைக்கிற புரோகிராம் ஒண்ணு போட்டு வச்சிருக்கா. உங்க பஸ்ல வேகத்தைப் பதியற பெட்டி இருக்குமே, அது மாதிரி.

— அந்தப் பெட்டி பொய் சொல்லாது. அதனாலதான் எங்க டிரைவருங்களுக்குப் பிடிக்காது. என்ன சொல்லுது?

— ஃபேன் மேல தப்பில்லைன்னு சொல்லுது. மலை ஏர்றது எல்லாம் சரி, சூட்டுக்கு ஏத்த வேகம். அடங்குதே, அது தானா அடங்கலை. யாரோ அடக்கறாங்க.

— யாரு? பேயா?

— இந்தா, இந்த மூலையில இருக்கிற பட்டன். சைலண்ட். இதை அமுக்கினா ஃபேன் வாயை மூடிக்கும். கேம் ஓடிட்டே இருக்கும், சூடு ஏறிட்டே இருக்கும். பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி அமுக்கினா, அடக்கி வச்ச சூட்டை எல்லாம் சேர்த்து வெளிய தள்ளணும் இல்லை? அதான் ரெண்டு பங்கு கத்துது.

— ஓடற வண்டியில யாராவது ரேடியேட்டர் ஃபேனை நிறுத்துவாங்களா? பைத்தியமா அவ?

— அதான் எனக்கும் புரியலை. ஒரு ஒழுங்கா நடக்குது பாருங்க. காலையில ஆறு மணிக்கு முன்னாடி ஒரு தடவை. காலையில ஆறு மணிக்கு என்ன கேம்?

— டீம்காரங்களோட பிராக்டீஸ். அந்த நேரம் லைன் வேகமா இருக்குமாம். ஓயென்கிட்ட சொல்லிட்டு இருந்தா.

— அப்புறம் சாயங்காலம் ஏழு அஞ்சு வாக்குல ஒண்ணு. எட்டேகாலுக்கு ஒண்ணு. தினம் இந்த மூணும். ஒரே நிமிஷம்னும் சொல்ல முடியலை, ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு நிமிஷம் முன்னால நகர்ந்துட்டே வருது. போன மாசம் ஏழு பதினைஞ்சு, இந்த வாரம் ஏழு அஞ்சு. வைரஸ்னா இப்படி நகராது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலேகாலுக்கும் ஒண்ணு கூடுது.

— வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. நாள் பூரா வீட்டுல இருப்பா.

— ஓ. பாக்சிக், இருங்க. எங்க தெருவுல உங்காளுங்க தொழுவற சுராவ் இருக்கு. ஏழு மணி சுமாருக்கு பாங்கு சொன்னா எம் பையன் டிவி சத்தத்தைக் குறைப்பான். இது அந்த நேரம்தானே? மஃரிப்?

— மஃரிப் தொழுகைதான். காலையில சுபுஹு. எட்டேகால் இஷா. வெள்ளிக்கிழமை நாலேகால் அஸர்.

— அப்ப பொண்ணுக்கு பக்தி ஜாஸ்தி. பாங்கு சொன்னதும் ஃபேனை அடக்கிடறா. பாருங்க, மெஷினுக்குக் கோளாறே இல்லை. நான் பெரிய மெக்கானிக்.

— வெள்ளிக்கிழமை மத்தியானம் பாரு.

— மத்தியானம்... இல்லை. நல்லாக் கத்திட்டு இருந்திருக்கு.

— நாலு வெள்ளிக்கிழமையும் பாரு.

— நாலும் இல்லை. ஏன், அப்ப பாங்கு சொல்ல மாட்டாங்களா?

— சொல்வாங்க. ஊருக்கே கேக்கும். பதினேழு, பதினெட்டாந்தேதி பாரு, கியோங்.

— பதினேழு... காலையிலயும் இல்லை, சாயங்காலமும் இல்லை. பதினெட்டும் அப்படியே. ரெண்டு நாளும் ஃபேன் அது பாட்டுக்கு ஓடியிருக்கு. மறந்துட்டா போல.

— மறக்கலை. பதினேழு, பதினெட்டு நான் ஜொகூர் வண்டியில வெளியூர் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்குப் பள்ளிவாசலுக்குப் போயிடுவேன்.

— அப்ப...

— தொழுவறதுக்கு முன்னாடி கை கால் கழுவ குழாயைத் திறப்பேன். பழைய குழாய், குதிரை மாதிரி கனைக்கும். அது அவ ரூமுக்குக் கேக்கும். அந்தப் பலகைச் செவுத்துப் பக்கம்தான் நான் பாயைப் போடறது. எட்டேகாலுக்கு எவ்வளவு நேரம் அடங்கி இருக்கு?

— பதிமூணு நிமிஷம். மத்ததெல்லாம் பத்துக்குள்ள.

— இஷா கொஞ்சம் நிதானமாத் தொழுவேன்.

— டீ குடிக்கறீங்களா பாக்சிக்? கீழ நல்லாப் போடுவான்.

— வேணாம்.

— நான் ஒண்ணு சொல்லியே ஆகணும். போன செவ்வாய் இந்தக் கோட்டைப் பாருங்க. அடக்கி ஏழு நிமிஷம், சூடு தொண்ணூத்தெட்டு. அதோட கோடே இல்லை. மெஷின் தாங்காம தானா அணைஞ்சு போச்சு.

— செவ்வாயா? அன்னைக்கு மேசையில படார்னு ஒரு தட்டு தட்டினா. நான் தொழுகையில கடைசி ரக்அத்ல இருந்தேன். கேம்ல தோத்ததுக்கு இவ்வளவு ஆத்திரமா, அப்பன் தொழுவற நேரத்துலன்னு நினைச்சு, மறுநாள் அவளுக்குச் சோத்தை மூடி வைக்கவே இல்லை.

— சனிக்கிழமை தேர்வு எத்தனை மணிக்கு?

— ஆறரையில இருந்து ஏழரை. காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கா.

— நடுவுல மஃரிப். விளையாட்டு உச்சத்துல இருக்கும்போது நீங்க குழாயைத் திறப்பீங்க. அவ பட்டனை அமுக்குவா. செவ்வாய் நடந்ததுதான் நடக்கும். உங்களுக்கு அந்தச் சீட்டே வேணாம் பாக்சிக். சும்மா வீட்டுல இருந்தாலே போதும், மெஷின் செத்துடும்.

— என்னைக் குத்திக் காட்டறியா?

— நானா? எம் பையனோட மூணு நாள் பேசாம இருந்து, நாலாம் நாள் வைஃபை பாஸ்வேர்டுக்காகப் போய்க் கெஞ்சின ஆளு நான். யாரைக் குத்தறது? இப்ப சொல்லுங்க. சீட்டு எழுதட்டுமா, ஸ்க்ரூ டிரைவரை எடுக்கட்டுமா?

— நர்ஸிங் படிச்சா இங்க பெரியாஸ்பத்திரியிலயே வேலை கிடைக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். நான் நினைச்சது அவ்வளவுதான்.

— ம்.

— எடு. ஸ்க்ரூ டிரைவரை எடு. அந்தப் பட்டனை முதல்ல பிடுங்கிப் போடு.

— செய்யலாம். பட்டன் செத்துப் போச்சுன்னா அவ என்ன பண்ணுவா?

— விளையாட்டையே நிறுத்திட்டு உக்காந்துடுவா. அவங்க அம்மா அப்படித்தான். நான் தொழுது முடிக்கிற வரைக்கும் சட்டியில கரண்டி போட மாட்டா. மீன் கருகினாலும் பரவாயில்லைன்னு நிப்பா. வேணாம், பட்டன் இருக்கட்டும்.

— அப்ப ஒரே வழி. நீங்க அவகிட்ட வாயைத் திறந்து சொல்றது.

— எட்டு மாசம் கழிச்சு, முதல் வார்த்தை ஃபேனைப் பத்தியா?

— சரி, யோசிங்க. நான் அதுக்குள்ள திறக்கறேன். ஆ, இதைப் பாருங்க. இது ஃபேனா, தலையணையா? மொத்தமும் ஆரஞ்சுக் கலர் முடி.

— அது ஓயென். அவ மடியிலதான் கிடக்கும்.

— பாதிப் பூனை உள்ள இருக்கு. சூட்டைக் கடத்தற பழைய பேஸ்ட்டும் காய்ஞ்சு ஓடாயிடுச்சு. துடைச்சுப் புதுசு போடறேன். இதுக்கே பத்து டிகிரி இறங்கும். ஆனா ஒண்ணு, ஃபேன் சத்தம் இருக்கோ இல்லையோ, குழாய் கனைச்சதும் அவ கை தானா பட்டனுக்குப் போகும். பழக்கம் அப்படி.

— கியோங், ரிப்பேர் பண்ணினதுக்கும் சீட்டு எழுதுவே இல்லை?

— எழுதுவேன். என்ன கோளாறு, என்ன பண்ணோம், வாடிக்கையாளருக்கு யோசனைன்னு மூணு கட்டம் இருக்கு. மூணாவது கட்டத்தை யாரும் படிக்கிறதில்லை.

— அவ படிப்பா. மருந்துக் கடையில வேலை, எழுதினதை எல்லாம் படிப்பா. எழுது. சனிக்கிழமை மஃரிப்...

— இருங்க, கையெல்லாம் பேஸ்ட். ம், சொல்லுங்க.

— சனிக்கிழமை மஃரிப், இஷா ரெண்டும் அப்பா சுராவ்ல. வீட்டுல குழாய் திறக்காது. ஃபேன் முழு வேகத்துல ஓடலாம்.

— "ஓடலாம்". அவ்வளவுதானா?

— மீன் பொரிச்சு மூடி வச்சிருக்கும்னும் போடு.

— பாக்சிக், இது கம்ப்யூட்டர் ரிப்பேர் சீட்டு.

— யோசனைன்னுதானே கட்டம் இருக்கு? சாப்பிடறது நல்ல யோசனைதான். முத்திரையும் குத்து. சீட்டை மூடிக்குள்ளயே வை. திறந்தா மடியில விழணும்.

— அப்ப நீங்கதான் எடுத்துட்டு வந்தீங்கன்னு தெரிஞ்சுடும்.

— தெரியட்டும்.

— ஜெயிச்சா கேஎல் போயிடுவா. அதுவும் தெரியும்தானே?

— எக்ஸ்பிரஸ் பஸ்ஸே கேஎல்லுக்கு ரெண்டரை மணி நேரம்தான். அதை ஓட்டறதே நான்தான். நீ ஸ்க்ரூவை முடுக்கு, மணி அஞ்சாகப் போகுது.

— முடுக்கியாச்சு. இப்ப கேம் ஓட விட்டு முழுச் சூட்டுக்குக் கொண்டுபோறேன். உங்க பொண்ணு விளையாடற அதே கேம். நான் விளையாடினா அரை நிமிஷத்துல செத்துடுவேன், பார்த்துச் சிரிக்காதீங்க. ம், செத்தாச்சு. பரவாயில்லை, சூடு ஏறுது. எழுபத்தொம்பது. அதுக்கு மேல போகலை. இதான் முழு வேகம்.

— ஓடுதா?

— பின்ன? இந்த ஓரத்துல கையை வச்சுப் பாருங்க.

— காத்து வருது. சத்தத்தைக் காணோமே.

— அதான் லா பாக்சிக், பதினோரு வருஷ அனுபவம். இனிமே உங்க பலகைச் செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒரு முனகல் வராது. படுத்தா நிம்மதியாத் தூங்கலாம்.

— ரெண்டாவது கியர் கூடக் கேக்காதா?

— செவுத்துல காதை வச்சாலும் கேக்காது.

— அவ வந்துட்டாளான்னு எப்படித் தெரியும்?

— என்னது?

— முனகினா வந்துட்டான்னு அர்த்தம். உறுமினா சாப்பிட்டுட்டான்னு அர்த்தம். அவ சாப்பிடாம உக்கார மாட்டா. எட்டு மாசமா நான் அதைக் கேட்டுட்டுத்தான் கண்ணை மூடறேன்.

— பாக்சிக்.

— கியோங், அந்தப் பூனை முடியைக் குப்பையில போட்டுட்டியா?

— இல்லை, இந்தா, மேசையிலதான் இருக்கு. ஏன்?

— கேஎல் போற வரைக்கும்தான். அதுல கொஞ்சம் திருப்பி உள்ள வைக்க முடியுமா?