எட்டாம் கட்டிலின் அட்டை

அவையின் நடுவே அமர்ந்து, கடிகாரத்தை ஒரு கண்ணாலும் பேச்சாளரை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர், எங்கள் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே! மூச்சு முட்டிய நாட்களில் எங்கள் முன்னே நின்ற மருத்துவப் பெருமக்களே! ஊசி போடும்போது உறுதியும் மற்ற நேரமெல்லாம் உருகும் நெஞ்சமும் கொண்ட செவிலியர் சகோதரிகளே! கட்டிலைத் தள்ளியும் கறையைத் துடைத்தும் கைகள் காய்த்துப்போன என் தோழர்களே, தோழியர்களே! நோயை வென்று வந்து நெஞ்சு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! வராமல் போனவர்களை நெஞ்சிலே சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் யார்? வார்டில் கட்டில் தள்ளுகிறவள். நோயாளிகள் எனக்கு வைத்த பெயர் வெண்கலம். என் தொண்டைக்கு அப்படி ஒரு பெயர். ஒரு முனையிலிருந்து நான் கூப்பிட்டால் மறு முனையில் மயக்கத்தில் கிடப்பவரும் "இதோ வந்துட்டேன்" என்பார். சிரிக்கிறீர்கள்! தொழிற்சங்க மேடைகளில் பதினேழு ஆண்டுகளாக வாய் கிழியப் பேசியவள் நான். அந்த வாய், பேச வேண்டிய ஒரே ஒரு நாளில் பேசவில்லை. அதைச் சொல்லத்தான் இன்று ஏறியிருக்கிறேன்.

பெருந்தொற்றுக் காலத்தில் சிறந்த பணி செய்தேன் என்று சற்று முன் தலைவர் இந்தக் கேடயத்தை என் கையில் கொடுத்தார். நீங்களும் கை தட்டினீர்கள். தலைவர் அவர்களே, இதை மேசை மேலேயே வைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பேசி முடித்த பிறகு இதை யாருக்குக் கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பெருந்தொற்று நமக்கு என்ன செய்தது? இதுதான் இன்றைய தலைப்பு. உடம்பை என்ன செய்தது என்று கேட்டால், முதல் வரிசையில் இருக்கும் ஓட்டுநர் ஐயாவைக் கேளுங்கள். முப்பது ஆண்டு பேருந்து ஓட்டியவர். இந்த மண்டபத்துக்கு எத்தனை படி? பன்னிரண்டு. நாலாவது படியில் ஒரு முறை, எட்டாவது படியில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கினார். "என்னய்யா, வண்டி எல்லா ஸ்டாப்லயும் நிக்குதே" என்றேன். "என்னம்மா பண்றது, இப்ப நான் எக்ஸ்பிரஸ் இல்ல, டவுன் பஸ்" என்றார். பார்த்தீர்களா, நுரையீரல் பாதி போனாலும் வாய் போகவில்லை! ஆனால் அவர் மூச்சு முழுதாகத் திரும்பவில்லை. அவர் உட்காரும் இடத்தில் இப்போது வேறு ஒருவர் உட்கார்ந்து பேருந்து ஓட்டுகிறார். தொற்று வராதவர் மட்டும் தப்பினாரா? காலில் ஆறாத புண்ணோடு வந்த ஒருவரை, அந்தப் பிரிவு மூடியிருக்கிறது என்று இதே வாசலில் நாம் திருப்பி அனுப்பினோம். ஐந்து மாதம் கழித்து அவர் வந்தபோது விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

மனதை என்ன செய்தது? பராமரிப்பை என்ன செய்தது? அதற்குத்தான் ஒரு நாளின் கதையைச் சொல்லப்போகிறேன். அண்ணே, மைக்செட்டண்ணே, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க. இன்னைக்கு வெண்கலம் மெதுவாத்தான் பேசும்.

பன்னிரண்டு கட்டில் போட்ட வார்டு. தலை முதல் கால் வரை கவச உடை. உள்ளே போனால் ஆறு மணி நேரம் தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது, மூக்கு அரித்தால் சொறியக்கூட முடியாது. நோயாளிகளைக் குப்புறப் படுக்க வைத்தோம். அப்படிப் படுத்தால் மூச்சு நன்றாக ஏறும் என்றார் டாக்டர், ஏறியது. ஆனால் என்ன ஆனது? மனிதர்களுக்கு முகம் இல்லாமல் போனது. முகம் பார்த்து அறிந்த நாங்கள் முதுகு பார்த்து அறிந்தோம். ஏழாம் கட்டிலில் ஒரு தையற்காரர். குனிந்து குனிந்தே வளைந்த ஒல்லி முதுகு. எட்டாம் கட்டிலில் இதே ஓட்டுநர் ஐயா. அகன்ற முதுகு, இடது தோளில் ஒரு மச்சம். தினமும் புரட்டிப் போடுகிறவள் நான். எனக்கு அந்த முதுகுகள் தெரியும்.

காகிதம் உள்ளே போனால் வெளியே வரக்கூடாது. அதனால் ஒவ்வொருவர் பெயரையும் வீட்டு எண்ணையும் ஓர் அட்டையில் எழுதி, கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டினோம். மணிக்கட்டில் பட்டை கட்டலாமே என்பீர்கள். கட்டினோம், இந்த இருவருக்கும் கை வீங்கியது, வெட்டி எடுத்துவிட்டோம். ஆக, அட்டைதான் அடையாளம். ஒரு விதியும் வைத்தோம். கட்டிலை நகர்த்துகிறவர் அட்டையையும் நகர்த்த வேண்டும். யார் கட்டிலை நகர்த்துகிறவர்? நான்.

ஒரு நாள் நண்பகல். ஏழாம் கட்டிலின் சுவர்க்குழாயில் ஆக்சிஜன் குறைந்தது. தையற்காரருக்கு மூச்சு இறங்கிக்கொண்டே போனது. ஓட்டுநர் ஓரளவு தேறியிருந்தார், தனி சிலிண்டரில் சமாளிப்பார். டாக்டர் சொன்னார், நான் இரண்டு கட்டிலையும் இடம் மாற்றினேன். தையற்காரர் எட்டாம் இடத்துக்கு, ஓட்டுநர் ஏழாம் இடத்துக்கு. பிறகு அட்டையைப் பிரிக்கக் கை வைத்தேன். இரட்டைக் கையுறை, கண்ணாடி முழுக்க ஆவி, ஒட்டிய பசைநாடா நகத்துக்குப் பிடிபடவில்லை. ஆறு மணி நேரம் முடிந்து ஏழாவது ஓடிக்கொண்டிருந்தது. கண் இருட்டியது. தண்ணி குடிச்சிட்டு வந்து மாத்திக்கலாம் என்று வெளியே போனேன். தண்ணீரைக் குடித்தேன், பெஞ்சில் சாய்ந்தேன். மறந்துபோனேன்.

கேளுங்கள் தாய்மார்களே! நான் வெளியே போன அதே வேளையில் இடம் மாற்றச் சொன்ன டாக்டரும் முறை முடிந்து போனார், ஒரு சிஸ்டர் உள்ளே வந்தார். தொற்றுக்கான தனிமைப்படுத்தல் முடிந்து அன்றுதான் பணிக்குத் திரும்பியவர். அந்த இருவரின் முகமும் தெரியாது, முதுகும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சுவரில் இருந்த அட்டை. இரண்டு மணிக்கு எட்டாம் இடத்தில் உயிர் போனது. அட்டையைப் பார்த்தார். ஓட்டுநரின் மகளுக்குப் போன் செய்து, அப்பா போய்விட்டார் என்று சொன்னார். நாலு மணி, எல்லா வீட்டுக்கும் செய்தி சொல்லும் நேரம். தையற்காரரின் மனைவிக்குப் போன் செய்தார். "நல்லாயிருக்காரும்மா. மூச்சு ஏறியிருக்கு. தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சாரு" என்றார். அந்த அம்மா சிரித்தார். அடுத்த வீடு, எதிர் வீடு, மாடி வீடு என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொன்னார்.

மாலை ஆறரைக்கு ஏழாம் இடத்தில் இருந்தவரை மல்லாக்கத் திருப்பினார்கள். அவர் கண் திறந்து, "சிஸ்டர், போன் பண்ணீங்களே, எம் பொண்ணு என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"பொண்ணா? உங்க வீட்டம்மாகிட்டதானே பேசினேன்."

"வீட்டம்மாவா? அவ போய்ச் சேர்ந்து ஒம்பது வருஷம் ஆச்சே சிஸ்டர்!"

அந்த ஒரு நொடியை எண்ணிப் பாருங்கள். அந்தப் பெண் சுவரில் இருந்த அட்டையைக் கிட்டே போய்ப் பார்த்தார். டாக்டர் சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. இரண்டு வீட்டுக்கும் அவரே போன் செய்தார். மகளுக்கு அப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். மனைவியிடமிருந்து கணவனைப் பறித்தார். அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "அப்ப நீங்க சொன்னப்பவே அவர் போயிட்டாரா? நான் சிரிச்சேனே சிஸ்டர். தெருவெல்லாம் போய்ச் சிரிச்சேனே."

விசாரணை வைத்தார்கள். அதே கண்காணிப்பாளர்தான், அதோ அமர்ந்திருக்கிறார். "அட்டையை மாற்றினீர்களா?" என்று என்னைக் கேட்டார். என்ன சொன்னேன் தெரியுமா? "மாத்தினேன் சார். யாரோ திரும்ப மாத்தி ஒட்டியிருக்கணும்" என்றேன்.

பொய்! பச்சைப் பொய்! பதினேழு ஆண்டு உரிமை பேசிய நாக்கு, உண்மை பேச அஞ்சிச் சொன்ன பொய்!

என்ன பின்னால் முணுமுணுப்பு? பேசுங்கள், சத்தமாகவே பேசுங்கள். ஏச்சு விழட்டும், எனக்கு விழ வேண்டிய ஏச்சு மூன்று ஆண்டாக வேறொருவர் தலையில் விழுந்துகொண்டிருக்கிறது.

சிஸ்டருக்குத் தெரியும். பசைநாடா பிரிபடாமல் இருந்ததை அன்றே பார்த்தவர் அவர். விசாரணை முடிந்து மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "நீங்க மாத்தலதானே?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். "அன்னைக்கு ஏழு மணி நேரம் உள்ள இருந்தீங்களாமே. தண்ணியாவது குடிச்சீங்களா?" என்றார். அவ்வளவுதான். மேலே போய், ஆளை உறுதி செய்யாமல் போன் செய்தது தன் தவறு என்று எழுதிக் கொடுத்தார். நான் அப்போது பணி நிரந்தரம் ஆகாதவள், ஒரே கையெழுத்தில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அவரைப் பதிவேட்டு அறைக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு நான் நிரந்தரம் ஆனேன்.

மனதை என்ன செய்தது என்று கேட்டோமே! அன்று முதல் அவர் போனைத் தொடுவதில்லை. மேசையில் மணி அடித்தால் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விடுகிறார். வீட்டில் தன் அண்ணன் போனில் கூப்பிட்டால்கூட எடுப்பதில்லை. நாடி பிடித்தே காய்ச்சலைச் சொல்லும் அந்தக் கை இன்று பழைய காகிதத்துக்குத் துளை போட்டு நூல் கட்டுகிறது. நமக்கு நோய் வந்தால் டாக்டர் இருக்கிறார். நம் சிஸ்டருக்கு மனம் நொந்தால் யார் இருந்தார்? ஒருவராவது "வாங்க, உட்காருங்க, என்ன ஆச்சு சொல்லுங்க" என்று கேட்டோமா?

என் கதை என்ன? சமையலறை டப்பாக்களில் பேர் எழுதி ஒட்டி, தினமும் மூன்று தடவை திறந்து சரிபார்க்கிறேன். உப்பு உப்புத்தானா, சர்க்கரை சர்க்கரைதானா என்று. "என்னடி, உப்பை எப்ப டிஸ்சார்ஜ் பண்றே?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அன்றுதான் அவரிடம் முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னேன்.

இப்போது ஏன் சொல்கிறேன்? மூன்று ஆண்டு தூங்கிய மனசாட்சி திடீரென்று விழித்துவிட்டதா? இல்லை. என் பெருமையைப் பேச வரவில்லை. சிஸ்டர் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை அதில் கையெழுத்தாகிறது. கையெழுத்து விழுந்தால் ஒரு நல்ல செவிலி, செய்யாத குற்றத்தைச் சுமந்தபடி இந்த வாசலை விட்டுப் போவார். அப்புறம் நான் கத்தி என்ன, கதறி என்ன?

வெள்ளிக்கிழமை தையற்காரரின் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா இப்போது அவருடைய தையல் மிஷினில் தைத்துக்கொண்டிருக்கிறார். முழுதும் சொன்னேன். காலை மிதிக்கட்டையிலிருந்து எடுக்காமல் கேட்டார். கடைசியில் சொன்னார்: "இத்தனை நாளா அந்த சிஸ்டரைத் திட்டாத நாளில்ல. ஒங்களை மன்னிக்கிறதா வேணாமான்னு எனக்குத் தெரியல. கேக்காதீங்க. ஆனா போய் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. நானும் வந்து உக்காந்து கேக்குறேன்." சொன்னபடி வந்திருக்கிறார். மூன்றாம் வரிசை. அம்மா, சொல்லிவிட்டேன்.

தலைவர் அவர்களே, இதோ என் வாக்குமூலம். என் கையால் எழுதி, கையெழுத்திட்டது. விசாரணையைத் திறவுங்கள்! திங்கட்கிழமைக்கு முன் திறவுங்கள்! எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள், தலை குனிந்து வாங்கிக்கொள்கிறேன், ஆனால் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சுவரில் அட்டை இனி வேண்டாம், கட்டிலில் கட்டுங்கள், கட்டிலோடு போகட்டும். அடுத்த முறை எந்த நோய் வந்தாலும் வீட்டு ஆள் ஒருவருக்குக் கவச உடை போட்டு உள்ளே விடுங்கள். அந்த மனைவியை விட்டிருந்தால் அந்த முதுகு யாருடையது என்று ஒரே பார்வையில் சொல்லியிருப்பாரே! உழைப்பவரை ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் உள்ளே வைக்காதீர்கள். ஓய்ந்த கை தவறு செய்யும். என் கை செய்தது. மனம் உடைந்தவருக்கு ஒரு மனநல மருத்துவரை இந்த வளாகத்திலேயே உட்கார வையுங்கள். கொடுத்தால் நன்றி சொல்வோம், கொடுக்காவிட்டால் கேட்டுக்கொண்டே இருப்போம். வாசலில் நின்று கேட்போம், வராந்தாவில் உட்கார்ந்து கேட்போம். இந்தத் தொண்டை சும்மா இருக்காது!

கை தட்டாதீங்க. வேணாம். தயவுசெய்து நிறுத்துங்க.

கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், சிஸ்டர் இருக்கிறார். வேண்டாம் என்று எனக்குத் தலையசைக்கிறார். சிஸ்டர், மாடிப்படியில் என் முகத்தைப் பார்த்தீர்கள், நான் தரையைப் பார்த்தேன். இன்று நேருக்கு நேர் பார்த்துச் சொல்கிறேன். அது உங்கள் தவறு இல்லை. என்னுடையது. மூன்று வருடம் நீங்கள் தூக்கினது போதும், கீழே வையுங்கள். தூக்குவதும் தள்ளுவதும் என் தொழில், இனி நான் தூக்கிக்கொள்கிறேன்.

எழுந்து போகாமல் இருந்து கேட்ட மூன்றாம் வரிசைத் தாய்க்கும், நேரம் தாண்டியும் மணி அடிக்காத தலைவருக்கும், திட்டிக்கொண்டேயாவது கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. என் வணக்கம், சிஸ்டர்.