போன காலின் நிறை

அவைக்கு அழகு சேர்த்து வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, வயல் வேலையை ஒதுக்கிவிட்டு வந்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த தாய்மார்களே, கதிரை கிடைக்காமல் கதவோரம் நிற்கும் இளையோரே, புதுக்குடியிருப்பின் புகழுக்குரிய மக்களே, பதினெட்டு ஆண்டுகளாகத் தாதியாகப் பணிசெய்யும் கஜேந்தினியின் பணிவான வணக்கம்.

மனித உடலை ஓர் எண்ணுக்குள் அடக்கிவிட முடியுமா? முடியும் என்றே நானும் நம்பியிருந்தேன். உடற் திணிவுச் சுட்டி என்பார்கள், கிளினிக்கில் பி.எம்.ஐ. என்போம். உயரத்தை மீற்றரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, வரும் விடையால் உங்கள் நிறையை வகுத்தால் கிடைக்கும் எண் அது. பதினெட்டரைக்குக் கீழே போனால் மெலிவு. இருபத்துமூன்றைத் தொட்டால் நம்மவர்க்கு எச்சரிக்கை. என்ன அம்மா, முன்வரிசையில் இருந்து இடுப்பைத் தடவிப் பார்க்கிறீர்கள்? பயப்படாதீர்கள், இன்று நான் தராசு கொண்டுவரவில்லை.

அந்த எண்ணின் எல்லையை எனக்குக் காட்டியவர் ஒரு பெண். பெயர் ஜெயரூபி. ஸ்கந்தபுரத்தில் மா அரைக்கும் மில் நடத்துகிறார். யுத்தத்தின் இறுதி மாதங்களில் இடது காலைத் தொடையோடு இழந்தவர். மிஞ்சிய ஒரு காலிலும் ஒரு செயற்கைக் காலிலும் காலை முதல் மாலை வரை நின்று, ஊருக்கெல்லாம் மாவும் மிளகாய்த்தூளும் அரைத்துக் கொடுப்பவர்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஊரில் ஒரு மருத்துவ முகாம். நீண்ட வரிசை, நெருக்கும் நேரம். இரத்தத்தில் சீனி பார்க்கும் கீற்றுகள் குறைவு என்பதால், எண் கூடியவர்களுக்கு மட்டுமே பார்த்தோம். ஜெயரூபியைத் தராசில் ஏற்றி நிறுத்தேன். ஐம்பத்தொன்பது கிலோ. செயற்கைக் காலைக் கழற்றித் தனியே நிறுத்தேன். மூன்று கிலோ. கழித்தேன். எவ்வளவு கவனமான தாதி நான்! சுட்டி இருபத்திரண்டு. அட்டவணையில் பச்சை நிறம். நல்ல நிறை, போய் வாருங்கள் என்றேன்.

அவர் எழும்பவில்லை. அமைதியாகக் கேட்டார்:

"பொய்க்காலைக் கழிச்சியள் மிஸ்ஸி, சரி. என்ரை போன காலைக் கூட்டினீங்களோ?"

சபையோரே, பேனையை எடுத்து மறுபடி கணக்குப் போட்டேன். தொடையோடு போன கால் என்பது உடலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதைச் சேர்த்தால் சுட்டி இருபத்துநான்கைத் தாண்டுகிறது. பச்சை எங்கே, பாதுகாப்பு எங்கே? அதுவரை பதினைந்து ஆண்டு படித்த பாடம் எங்கே?

நாடாவை எடுத்து இடுப்பை அளந்தேன். எண்பது சென்ரிமீற்றருக்குள் இருக்கவேண்டிய சுற்றளவு தொண்ணூறு. விரலில் குத்திச் சீனி பார்த்தேன். இருநூற்றெண்பது. உடனே வலது பாதத்தைக் காட்டச் சொன்னேன். பெருவிரலின் அடியில் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு புண்.

"நோகேல்லை மிஸ்ஸி, அதாலை பாக்கேல்லை" என்றவர், அந்தப் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "எனக்கு இருக்கிறது இந்த ஒண்டுதான்."

நோகாத புண்தான் சீனி வருத்தத்தில் கொடிய புண். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் அந்தக் காலும் போயிருக்கும்.

அவர் அழவில்லை. இரண்டு வாரத்துக்கொரு தடவை பஸ் ஏறி, நான் பணிசெய்யும் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தார். மருந்து கட்டினார், மாத்திரை எடுத்தார், மில்லில் ஒரு கதிரை போட்டு இருந்தபடி வேலை செய்தார். நான்காம் மாதம் புண் ஆறியது. அன்று அந்தப் பாதத்தை என் மடியில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கால்களின் பாரத்தை இத்தனை ஆண்டுகள் தனியே தாங்கிய பாதம்! எந்தத் தராசு இதை நிறுக்கும்? எந்தச் சூத்திரம் இதைச் சொல்லும்?

ஓம் தம்பி, நீங்கள் கேட்பது நியாயம். அப்படியென்றால் அந்த எண் வேண்டாமா? வேண்டும். அது ஒரு வாசல். வாசலில் நின்றபடி வீட்டைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். மூட்டை சுமந்து முறுகிய தசையையும் முன்னால் சரிந்த கொழுப்பையும் அது ஒன்றாகவே எண்ணும். மெலிந்தவரின் வயிற்றுக்குள் மறைந்திருப்பதை அது அறியாது. ஆகவே இடுப்பையும் அளக்கச் சொல்லுங்கள், சீனியையும் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் ஜெயரூபியைப் போல எழும்பாமல் இருந்து கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது எங்கள் கடமை.

இன்று இங்கே வரும்படி அவரை அழைத்தேன். "அறுவடை நேரம், மில்லைப் பூட்டேலாது. நீங்களே சொல்லுங்கோ மிஸ்ஸி. என்ரை பேரையும் சொல்லுங்கோ" என்றார்.

சொல்லிவிட்டேன். செவிகொடுத்த உங்களுக்கும், எனக்குக் கற்பித்த ஜெயரூபிக்கும் இருகரம் கூப்பிய நன்றி. நலமோடு வீடு சேருங்கள், வணக்கம்.